மெத்த தில்

திங்கட்கிழமை. கொக்கிரகுளம்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண் போலீஸ்
மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று
ஒவ்வொரு பையாகத் துழாவுகிறாள்.
இவள் பையில் ஒரு குடை, நாலு பனங்கிழங்கு,
பாலித்தீனுக்குள் பாலித்தீனாய்ச் சுற்றிய காகிதங்கள்.
உள்ளே போனவள் அதே வேகத்தில் திரும்பி
எதிர்ச்சாரியில் என் கடைக்கு வந்தாள்.
மனு டைப் அடித்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

மனு ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
பிழை என்னுடையதென்றால் திருத்தம் இலவசம்.

"பேரு?"
"எந்தப் பேரு அண்ணாச்சி?"

ஞானஸ்நானப் புத்தகத்தில் மெற்றில்டா.
பள்ளிக்கூடச் சான்றில் மத்தில்டாள்.
ரேஷன் கார்டில் மெட்டில்டா,
ஆதாரில் மெத்தில்டா.
திசையன்விளைப் பக்கம் பதினோரு சென்ட் செம்மண் தேரி
இந்த நாலு பெண்களில் எவளுக்கு
என்று தாசில்தார் கேட்கிறார்.
ஒருத்திக்கும் இல்லை என்கிறார்கள் அண்ணன்மார்.
அவர்களுக்கு வேதத்திலிருந்து எடுத்த பெயர்கள்,
யோசுவா, கிதியோன்,
எந்தக் காகிதத்திலும் ஓரெழுத்து பிசகாமல்.

'மேற்படி நால்வரும் ஒருவரே' என்று
அடித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது.

சும்மா இருக்கத் தெரியாத கை
செல்போனில் அந்தப் பெயரைத் தேடியது.
ஜெர்மானியப் பெயர், ரொம்பப் பழசு.
இரண்டு துண்டு.
முன்னது மாஹ்ட்: வலிமை.
பின்னது ஹில்ட்: போர்.

"ஒங்க பேருக்குள்ள ஒரு சண்டை இருக்கும்மா."
"அய்ய, மெதுவாச் சொல்லுங்க.
எங்க அய்யர் காதுல விழுந்துரப் போவுது."

வலி, போர் என்று தமிழில் பிரித்துச் சொன்னேன்.
வலிமைக்கும் நோவுக்கும் ஒரே சொல்லை வைத்த
பாஷை நம்முடையது.
"வலி இருக்கு, முட்டியில," என்றாள்.
"மத்தது இனிமேதான்."

யார் வைத்தது என்று கேட்டேன்.
நாசரேத் ஆஸ்பத்திரியில்
கொடி அறுத்த நர்ஸம்மா பேராம்.
அந்த நர்ஸம்மாவுக்கு எவர் வைத்தாரோ,
அவருக்கு முன்னால் எவளோ,
கப்பலில் வந்து காய்ச்சலில் போன ஒருத்தியோ.
சாவி இல்லாத டிரங்குப் பெட்டி மாதிரி
கை மாற்றிக் கை மாற்றிச் சுமந்திருக்கிறார்கள்.
உள்ளே என்ன என்று
ஒருத்தியும் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டீ கொண்டுவந்த அசனார்,
மேலப்பாளையத்துப் பொடியன்,
ஸ்கிரீன் இருட்டாக இருந்தும்
கையெழுத்துப் பிரதியை எட்டிப் பார்த்து
எழுத்துக்கூட்டினான்:
மெத்... தில்... டா.
"மெத்த தில் டா! இதுக்குப் போயி
ஜெர்மனி வரைக்கும் போவணுமா?"

அவள் டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்:
"அந்த 'டா' யாருக்குலே?"

பையன் யோசித்தான்.
தாடையால் எதிர் கேட்டைக் காட்டினான்.

நான் இருபத்திரண்டு வருஷமாய்ப்
பெயர் அடிக்கிறவன்.
சுடலைகளையும் இசக்கிகளையும்
எட்வின்களையும் அடித்திருக்கிறேன்,
ஒன்றையும் கேட்டதில்லை.
அன்றைக்கு மட்டும் ஏனோ
அடித்த நாலு பெயரையும்
தடித்த எழுத்தாக்கினேன்.
அதற்குக் கட்டணமில்லை.

கரண்ட் வந்தது. மூன்று பிரதி.
பேனாவைத் திறந்தவள்
கையெழுத்துக்கு முன் நிமிர்ந்தாள்.
"சண்டை எந்த எழுத்துல இருக்கு?"

'தில்' என்று விரல் வைத்தேன்.

'மெத்' வரை கோலப்பொடி தூவுவதுபோல் வந்த பேனா
அங்கே வந்ததும் அழுந்தியது.
மேஜை லேசாக ஆடியது.
'டா' என்னவோ சின்னதாகத்தான் விழுந்தது.

மூன்றையும் எடுத்துக்கொண்டு
குடையை விரிக்காமலே ரோட்டைக் கடந்தாள்.
பெண் போலீஸ் மறுபடி பையைத் துழாவினாள்.
பனங்கிழங்கில் ஒன்று அவளுக்குப் போனது.

அடியில் இருந்த வெள்ளைத் தாளில்
மை இல்லாமல் பள்ளமாய் நின்றது
இரண்டெழுத்து.
தாளை வீணாக்கக் கூடாது.
அதிலேயே அடுத்த மனுவை எடுத்தேன்.
முக்கூடல் பீடிக்காரி, பி.எஃப். பாக்கி.

"பேரு?"